எத்தனை மாதம் சாப்பிட்டாய்?

மார்ச் 3

அக்காவுக்கு,

நான்கு வருஷம் கழித்து எழுதுகிறேன். போனில் பேசியிருக்கலாம்தான். ஆனால் இப்போது ஒரு மூச்சில் எனக்கு ஐந்தாறு வார்த்தைக்கு மேல் வருவதில்லை. நீயோ அடுத்தவர் மூச்சு வாங்கும் இடத்தில் புகுந்து பேசுகிறவள். கடிதம் என்றால் நான் முடிக்கும்வரை நீ சும்மா இருந்தாக வேண்டும்.

போன வருஷம் ஜூலையில் ஸ்டேஷனில் ஓர் அறிவிப்பு சொல்லிக்கொண்டிருந்தேன். "மூன்றாவது நடைமேடையிலிருந்து புறப்பட வேண்டிய" என்பது வரை வந்தது. அதற்கு மேல் காற்று இல்லை. மைக்கை அணைக்கவும் கை வரவில்லை. எத்தனையோ பேர் தலையைத் தூக்கி ஒலிபெருக்கியைப் பார்த்துக்கொண்டு நின்றார்களாம், நான் இரைப்பதைக் கேட்டபடி. அதற்குப் பிறகு என்னை விசாரணை ஜன்னலில் உட்கார வைத்துவிட்டார்கள்.

முதலில் ஆஸ்துமா என்றார்கள், பிறகு நரம்புத் தளர்ச்சி. கடைசியில் இங்கே ஒரு டாக்டரம்மா இதயத்துக்குள் மெல்லிய குழாயை விட்டுப் பார்த்துச் சொன்னார்: நுரையீரலுக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய்களில் அழுத்தம். கையில் பட்டை கட்டிப் பார்க்கிற பிரஷர் இல்லை, அக்கா. அதில் இது தெரியாது. அந்தக் குழாய்கள் உள்ளே தடித்துச் சுருங்கிவிட்டன. அதில் ரத்தத்தைத் தள்ளித் தள்ளி என் இதயத்தின் வலது பாதி வீங்கியிருக்கிறது. குணமாகாது, மருந்தால் இழுத்துப் பிடிக்கலாம்.

"உடம்பு இளைக்க எப்பவாவது மாத்திரை சாப்பிட்டீங்களா?" என்று கேட்டார். இல்லை என்றேன். திரும்பி வரும்போது பஸ்ஸில்தான் அந்த மஞ்சள் பெட்டி ஞாபகம் வந்தது. என் கல்யாணத்துக்கு முன்னால் உன் தையல் கடை மேஜை இழுப்பறையிலிருந்து எடுத்துக் கொடுப்பாயே, அது.

எனக்குத் தெரிய வேண்டியவை நான்கு. அதன் பெயர் என்ன? நான் எத்தனை மாதம் சாப்பிட்டேன்? வேறு யாருக்கெல்லாம் கொடுத்தாய்? நீ எத்தனை மாதம் சாப்பிட்டாய்?

தங்கை


மார்ச் 19

உன் கடிதம் கிடைத்தது. உடம்பு சரியில்லை என்று கேட்டதில் எல்லோருக்கும் வருத்தம். உன் அத்தானும் வருத்தப்பட்டார்.

நீ கேட்டிருக்கும் மஞ்சள் பெட்டி எதுவும் எனக்கு ஞாபகம் இல்லை. கல்யாணத்துக்கு முன் நீயாகத்தான் பட்டினி கிடந்தாய். உடுப்பு இடுப்பில் ஏறவில்லை என்று அழுதது நீ. நான் தைக்கிறவள், மருந்து கொடுக்கிறவள் இல்லை. அப்படி ஏதாவது கொடுத்திருந்தாலும் அது வெறும் மூலிகை, பெட்டியிலேயே இலைப் படம் போட்டிருந்தது. மூலிகையால் யாருக்கும் மூச்சு நிற்காது.

ஒன்று கேட்கிறேன், தப்பாக நினைக்காதே. இதையெல்லாம் எழுதச் சொல்லிக் கொடுத்தது யார்? பெயர் என்ன, எத்தனை மாதம், யாருக்கெல்லாம் என்று வரிசையாகக் கேட்டிருக்கிறாயே, இது உன் பேச்சு இல்லை. படித்தவர் யாரோ பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற மாதிரி இருக்கிறது. நான்கு வருஷம் ஒரு வார்த்தை இல்லை. திடீரென்று என் கையால் எழுதி வாங்கப் பார்க்கிறாய். அதனால்தான் பக்கத்துக் கடையில் டைப் அடித்து அனுப்புகிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.


மார்ச் 27

அக்காவுக்கு,

டைப் அடித்த கடிதம் வந்தது. கீழே கையெழுத்துக்கூட இல்லை. ஆனால் "அத்தானும் வருத்தப்பட்டார்" என்று எழுதுகிற ஆள் உலகத்தில் ஒருத்திதான்.

மஞ்சள் பெட்டி ஞாபகம் இல்லை என்கிறாய். அதே பெட்டியில் இலைப் படம் இருந்தது ஞாபகம் இருக்கிறது. நான் இலையைப் பற்றி எழுதவே இல்லையே.

வக்கீல் யாரும் இல்லை. இருந்தால் உனக்கு முதலில் வந்திருப்பது அவர் கடிதம்.

நீ தைக்கிறவள் என்பதால் உன் பாஷையிலேயே சொல்கிறேன். உடுப்புக்கு உள்பக்கம் லைனிங் வைப்பாயே, அப்படி ரத்தக்குழாய்க்கும் உள்ளே ஒரு லைனிங் இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத மெல்லிசு. சில மாத்திரைகள் நுரையீரல் குழாய்களில் அந்த லைனிங்கைக் கெடுக்குமாம். வெளியே ஒன்றும் தெரியாது. வருஷக்கணக்காகும். ஆனால் லைனிங் அடிபட்டால் ரத்தத்தில் சில பொருள்கள் அளவுக்கு மேல் கலக்கும், நைந்த துணியிலிருந்து நூல் உதிர்வது போல. ஒன்று ரத்தம் உறைவதற்கு உதவுகிற ஒரு புரதம். இன்னொன்று எண்டோதீலின், குழாயைச் சுருங்கச் சொல்வது. டாக்டரம்மா இவற்றை அளந்து ஓர் ஆராய்ச்சி செய்கிறார். என்னைப் போல விழுந்தவர்கள் மட்டும் அவருக்குப் போதாது. அந்த மாதிரி மாத்திரை சாப்பிட்டும் இன்னும் விழாதவர்கள் வேண்டும்.

"ரத்தம் சந்தேகத்தைத்தான் சொல்லும், தீர்ப்பு சொல்லாது" என்பார் அவர். சந்தேகம் இருந்தால் ஸ்கேன், அதற்கு மேல் இதயத்துக்குள் விடுகிற அந்தக் குழாய்.

இன்னொன்றும் எழுதிவிடுகிறேன். நான்கு வருஷத்துக்கு முன் நான் முதல்முதலில் இரைக்க ஆரம்பித்தபோது நீ என் வீட்டுக்காரரிடம், "சின்ன வயசிலேர்ந்தே அப்படித்தான் மாப்பிள்ளை, வேலைன்னா நடிப்பா" என்று சொன்னாய். நான் சமையலறையில்தான் நின்றேன். அதற்கப்புறம் இரண்டு வருஷம் அவர் என்னை நம்பவில்லை. மாடிப்படியில் உட்கார்ந்தால் "ஆரம்பிச்சுட்டியா" என்பார். இப்போது என் செருப்பைக்கூட எடுத்து வைக்கிறார். அதைப் பார்க்கவும் எரிச்சலாக இருக்கிறது.

நீ எத்தனை மாதம் சாப்பிட்டாய்?

தங்கை


ஏப்ரல் 11

பொடிசுக்கு,

கையால்தான் எழுதுகிறேன், பார்த்துக்கொள். யாரிடம் காட்டினாலும் காட்டு.

அதற்கு ஒழுங்கான பெயர் ஏதும் இல்லை. டை கட்டிய ஒருவர் மாதம் ஒருமுறை கடைக்கு வருவார், நீகூடப் பார்த்திருப்பாய், நாங்கள் டைக்காரர் என்போம். கல்யாண உடுப்பு தைக்கிற கடைகளாகப் பார்த்துப் போவார். "உங்ககிட்ட வர்ற பொண்ணுங்களுக்கு உடுப்பு சின்னதாகலை, உடம்புதான் பெரிசாகுது, இதை வெச்சுக்கோங்க" என்றார். மூலிகை என்று சத்தியம் செய்யாத குறை. அவர் இருக்கும் இடம் இப்போது எனக்குத் தெரியாது. இது உண்மை, நம்பினால் நம்பு.

நீ சாப்பிட்டது ஐந்து மாதம். அளவு நோட்டைப் பார்த்துத்தான் சொல்கிறேன். அந்த ஜனவரியில் உன் இடுப்பு முப்பத்து மூன்று, ஜூனில் இருபத்தெட்டு. கண்ணாடி முன்னால் நின்று, "அக்கா, நான்தானா இது" என்றாய். அப்போது நான் உனக்கு நல்ல அக்கா.

நான் பதினான்கு மாதம் சாப்பிட்டேன்.

எனக்கு ஒன்றும் இல்லை. படி ஏறினால் இரைக்கும், அது என் கனத்துக்கு இரைக்காமல் என்ன செய்யும். மாத்திரையை நிறுத்தியதும் எடை பழையபடி ஏறிவிட்டது. உன்னைவிட மூன்று பங்கு சாப்பிட்டவள் குத்துக்கல் மாதிரி இருக்கிறேன். அப்படியென்றால் உனக்கு வந்ததற்கு வேறு காரணம் இருக்க வேண்டுமா இல்லையா? அதை உன் டாக்டரம்மாவிடம் கேள்.

வேறு யாருக்கு என்று கேட்டிருக்கிறாய். எட்டுப் பேர். பேரைக் கேட்காதே. எல்லோரும் நல்லபடியாக இருக்கிறார்கள், பிள்ளை குட்டியோடு. நன்றாக இருக்கிறவர்களைக் கூப்பிட்டு உனக்கு நோய் இருக்கலாம் என்று சொல்லச் சொல்கிறாயா? இந்தத் தெருவில் நான் இருபது வருஷமாகக் கடை வைத்திருக்கிறேன். அளவெடுக்கும்போது பெண்கள் என்னிடம் சொல்லாத சங்கதி கிடையாது. ஒருத்தியிடம் இதைச் சொன்னால் சாயங்காலத்துக்குள் தெருவே பேசும்.

நடிப்பு என்று சொன்னதற்கு: நீ சின்ன வயசில் பள்ளிக்கூடம் போகாமலிருக்க வயிற்றுவலி என்று படுப்பாயா மாட்டாயா? அதை நினைத்துச் சொன்னேன். நீ கேட்டுக்கொண்டு நிற்பாய் என்று எனக்கு எப்படித் தெரியும்.

அக்கா


மே 6

அக்காவுக்கு,

நேற்று ரத்தம் கொடுக்கப் போயிருந்தேன். ஊசி போடும் நர்ஸ் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "உங்களுக்கு அக்கா இருக்காங்களா? போன வாரம் ஒருத்தங்க வந்தாங்க. மூக்கு அப்படியே உங்க மூக்கு" என்றார். அவர்கள் யாரைப் பற்றியும் சொல்லக் கூடாது. வாய் தவறி வந்துவிட்டது. உடனே ரத்தம் பிடிக்கிற குழாய்களில் ஒட்டுவதற்குச் சீட்டுத் தேட ஆரம்பித்துவிட்டார்.

ஐந்து மணி நேரம் ரயிலில் வந்திருக்கிறாய். ஆஸ்பத்திரியிலிருந்து என் வீட்டுக்கு ஆட்டோவில் பத்து நிமிஷம். கொடுத்துவிட்டுச் சாயங்கால வண்டியில் திரும்பியிருக்கிறாய்.

எதை நான் பார்த்துவிடக் கூடாது என்று?

தங்கை


மே 20

பொடிசுக்கு,

முதலில் நல்ல சேதி. என் ரத்தத்தில் ஒன்றும் இல்லை. உன் டாக்டரம்மா கையெழுத்துப் போட்ட தாள் வந்திருக்கிறது. எல்லா எண்ணும் கோட்டுக்கு உள்ளேயே இருக்கிறது. ஸ்கேனும் எடுத்தார்கள், அதிலும் இதயம் சுத்தம். "உங்களுக்கு இரைக்கிறது எடையாலதான், நடங்க" என்று சொல்லிவிட்டார். ஆக, பதினான்கு மாதம் சாப்பிட்ட எனக்கு ஒன்றுமில்லை என்றால் அந்த மாத்திரை மேல் பழி போட முடியாது. நான் அன்றைக்கே சொன்னேன்.

உன்னை ஏன் பார்க்கவில்லை என்று கேட்டிருக்கிறாய். ஆஸ்பத்திரிக்குப் போனால் அந்த நர்ஸ், "படி ஏறியா வந்தீங்க? இருபது நிமிஷம் அசையாம உட்காருங்க. இரைக்க இரைக்க எடுத்தா எண் ஏறிக் காட்டும்" என்று ஒரு நாற்காலியில் உட்கார வைத்துவிட்டார். இருபது நிமிஷம். எனக்கு எதிரே ஒரு பெண், உன் வயசு இருக்கும், மூக்கில் ஆக்சிஜன் குழாய், ஸ்வெட்டர் பின்னிக்கொண்டிருந்தாள். ஒரு வரிசை பின்னுவாள், ஊசியை மடியில் வைத்துவிட்டு மூச்சு வாங்குவாள், மறுபடி எடுப்பாள். வேறு எங்கே பார்ப்பது என்று எனக்குத் தெரியவில்லை. அப்புறம் ரத்தம் எடுத்தார்கள், நீல மூடிக் குழாய் ஒன்று, ஊதா மூடி ஒன்று. ஊதாவை ஐஸ் டப்பாவில் வைத்தார்கள்.

அதற்குப் பிறகு நேராக உன்னைப் பார்க்கத்தான் ஸ்டேஷனில் விசாரணை ஜன்னல் பக்கம் வந்தேன். நீ ஒரு பெரியவருக்கு வழி சொல்லிக்கொண்டிருந்தாய். "வலது பக்கம்" என்றாய். நிறுத்தினாய். "படி ஏறி" என்றாய். நிறுத்தினாய். அவர் காது கேட்காதவர் போல. நீ மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாய். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் தூணை ஒட்டி நின்றேன். அப்புறம் வண்டிக்கு நேரமாகிவிட்டது.

மறைக்க என்ன இருக்கிறது. தைரியம் வரவில்லை, அவ்வளவுதான்.

அக்கா


மே 29

அக்காவுக்கு,

உன் ரத்தத்தில் ஒன்றும் இல்லை என்று படித்துச் சந்தோஷப்பட்டேன். ஒரு மணி நேரம் இருக்கும். அதற்கப்புறம் பொறாமை வந்தது. அதுவும் நிஜம், எழுதிவிடுகிறேன்.

டாக்டரம்மாவிடம் கேட்டேன். அந்த மாத்திரை சாப்பிட்ட எல்லோருக்கும் வருவதில்லையாம். பெரும்பாலோருக்கு ஒன்றும் ஆகாது, சிலருக்கு மட்டும் பிடித்துக்கொள்ளும். ஏன் இவருக்கு, ஏன் அவருக்கு இல்லை என்று அவருக்கும் தெரியாது. "உங்க அக்கா தப்பிச்சதுக்கு மாத்திரை நல்லதுன்னு அர்த்தம் இல்லைம்மா. அவங்க தப்பிச்சாங்க, அவ்வளவுதான்" என்றார். சீக்கிரம் கண்டுபிடித்தால் மருந்து நன்றாக வேலை செய்யும், என்னைப் போல நாலு வருஷம் விட்டால் கஷ்டம் என்றும் சொன்னார். இன்னும் எட்டுப் பேர் இருக்கிறார்கள்.

ஒரு சந்தேகம். எடை குறைந்துகொண்டிருந்தது, டைக்காரர் வந்துகொண்டிருந்தார், நீயும் மூலிகை என்று நம்பிக்கொண்டிருந்தாய். பிறகு பதினான்காவது மாதத்தில் ஏன் நிறுத்தினாய்? ஓரம் மடித்த துணியைக்கூட நடுவில் விடாத ஆள் நீ. வாங்கி வைத்ததை முடிக்காமல் விட்டிருக்க மாட்டாய்.

என்ன நடந்தது அப்போது?

தங்கை


ஜூலை 15

பொடிசுக்கு,

ஆறு வாரமாக இந்தக் கடிதத்தை எழுதுகிறேன். நீ கேட்டதற்குப் பதில் சொல்லாமலே விட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன். சொல்ல வைத்தது நீ இல்லை, கணக்கு டீச்சர்.

அவர் அந்த எட்டுப் பேரில் ஒருவர். தன் தங்கச்சி கல்யாணத்துக்குத் தைக்கும்போது மூன்று மாதம் வாங்கிப் போனார். போன திங்கட்கிழமை உடுப்பு ஒன்றை இடுப்பில் பிரித்துத் தரச் சொல்லி வந்தார். கடைக்கு மூன்று படிதான், உனக்குத் தெரியும். ஏறி வந்தவர் பேசாமல் ஸ்டூலில் உட்கார்ந்தார். செருப்பு வார் பதிந்த இடத்தில் கால் வீங்கிக் குழி விழுந்திருந்தது. கொஞ்ச நேரம் கழித்து எழுந்து நின்றார். மார்பளவு எடுக்க டேப்பைச் சுற்றினேன். மூச்சு அடங்கினால்தான் அளவு சரியாக வரும், காத்திருப்போம் என்று டேப்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அடங்கவே இல்லை. என் விரலுக்குள் டேப் போய்ப் போய் வந்துகொண்டிருந்தது.

"எத்தனை நாளா டீச்சர் இப்படி?"

"வயசாகுதுல்ல. எடையும் போட்டுடுச்சு. ஆஸ்துமான்னு சொல்லி ஊதற மருந்து குடுத்திருக்காங்க." பிறகு சிரித்துக்கொண்டே கேட்டார், "உங்க மஞ்சள் மாத்திரை இப்போ கிடைக்குமா? அது இருந்தா நல்லாயிருக்கும்."

டேப்பைக் கீழே வைத்தேன். உன்னைப் பற்றிச் சொன்னேன். மாத்திரையைப் பற்றி, லைனிங் பற்றி, ரத்தத்தில் பார்க்கலாம் என்பது பற்றி எல்லாம் சொன்னேன். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். கணக்குப் போடுகிற முகம்.

"இது எப்போ தெரியும் உங்களுக்கு?"

பொய் ஒன்று வாயில் தயாராகத்தான் இருந்தது, பொடிசு. போன மாதம்தான் என்று. ஆனால் அவர் உதடு நீலமாக இருந்தது.

"எட்டு வருஷமா" என்றேன்.

உனக்கும் இதுதான் பதில். மாத்திரை நான் நிறுத்திய மாதம் உடுப்பின் கைக்குக் காகித மாதிரி வெட்டப் பழைய செய்தித்தாளை விரித்தேன். பாதி வெட்டிய பிறகுதான் கண்ணில் பட்டது. மஞ்சள் பெட்டியின் படம், இலை, கீழே எழுத்து. மூலிகை என்று பொய் சொல்லி விற்றார்கள், உள்ளே வேறு மருந்து, நுரையீரல் குழாய் கெடும், விற்பனை தடை. என் கத்திரி அந்தச் செய்திக்குக் குறுக்கே போயிருந்தது. இரண்டு துண்டையும் சேர்த்து வைத்து மூன்று முறை படித்தேன். மிச்சம் இருந்த பெட்டிகளைத் துணிக் கழிவோடு கட்டிக் குப்பை வண்டியில் போட்டேன். டைக்காரர் அதற்கப்புறம் வரவில்லை.

உனக்குக் கல்யாணமாகி எட்டு மாதம். சந்தோஷமாக இருந்தாய். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. வந்தால் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். ஒரு வருஷம் போனதும் இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்ற கேள்வி சேர்ந்துகொண்டது. அப்புறம் அந்தக் கேள்விதான் பெரிதாகிக்கொண்டே போனது.

டீச்சர் உடுப்பைப் பிரிக்காமலே பையில் வைத்தார். குனிந்து செருப்பு வாரைப் போடப் பார்த்தார், முடியவில்லை. நான் குனிந்தேன். காலை இழுத்துக்கொண்டார்.

"வேணாம்."

வாரை மாட்டாமலே இறங்கிப் போனார். உன் ஆஸ்பத்திரி விலாசத்தை அவர் பள்ளிக்கூடத்துக்குத் தபாலில் அனுப்பியிருக்கிறேன்.

அக்கா


ஜூலை 22

எட்டு வருஷம். நீ என்னை நடிக்கிறாள் என்று சொன்னது நான்கு வருஷத்துக்கு முன்.

அப்போது உனக்குத் தெரியும்.

ஆமாம், இல்லை, இரண்டில் ஒன்று மட்டும் எழுது.


ஆகஸ்ட் 12

ஆமாம்.

ஒன்றுதான் எழுதச் சொன்னாய். எழுதிவிட்டேன். இனி வருவதைப் படிக்காமல் கிழித்துப் போட்டாலும் சரி.

அன்றைக்கு நீ உன் வீட்டு மாடிப்படியில் பாதியில் உட்கார்ந்ததைப் பார்த்தவுடனே எனக்கு அந்தச் செய்தித்தாள்தான் ஞாபகம் வந்தது. இது அதுவாக இருக்கக் கூடாது, இவள் நடிக்கிறாள், எப்போதும் நடிப்பவள்தானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சத்தமாகச் சொன்னால் நிஜமாகிவிடும் என்று மாப்பிள்ளையிடமும் சொன்னேன். நீ வயிற்றுவலி என்று படுப்பாய் என்று ஏப்ரலில் எழுதினேனே, அது பொய். அப்படிப் படுத்தவள் நான். நீ காய்ச்சலோடு பள்ளிக்கூடம் போவாய்.

மிச்சம் ஏழு பேரையும் தேடிப் போனேன். ஒருத்தி ஊரை விட்டே போய்விட்டாள், அவள் அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன். ஒருத்தி கதவைச் சாத்தினாள். ஒருத்தி சிரித்தாள், "உங்களுக்கு வேற வேலை இல்லையா" என்று. அவள் வீட்டுக்காரரிடம் தனியாகச் சொன்னேன். நாலு பேர் ரத்தம் கொடுக்கச் சம்மதித்திருக்கிறார்கள். உன் டாக்டரம்மாவின் ஆட்கள் இங்கேயே வந்து எடுக்கிறார்களாம்.

கடைக்கு யாரும் வருவதில்லை. அத்தான், "ஏதாவது ஒண்ணு சொல்லிச் சமாளிக்கக் கூடாதா" என்றார். எட்டு வருஷம் அதைத்தான் செய்தேன் என்றேன். அவருக்கும் அன்றைக்குத்தான் தெரியும்.

டீச்சர் என்ன ஆனார் என்று எனக்குத் தெரியவில்லை. பள்ளிக்கூட வாசலில் இரண்டு நாள் நின்றேன். லீவில் இருக்கிறாராம்.

அக்கா


அக்டோபர் 3

அக்காவுக்கு,

உன் கடிதத்தை ஏழு வாரமாக வைத்திருந்தேன். பதில் எழுத வேண்டாம் என்றே முடிவு செய்திருந்தேன். வேறு ஒன்று நடந்துவிட்டது.

செவ்வாய்க்கிழமை ரத்தம் கொடுக்கப் போனேன். பக்கத்து நாற்காலியில் ஒரு அம்மா மடியில் பரீட்சைத் தாள்களை வைத்துத் திருத்திக்கொண்டிருந்தார். சிவப்புப் பேனா. ஒரு பக்கத்தை மூன்று முறை பார்த்துவிட்டு, "விடை சரி, வழி தப்பு. பாதி மார்க் குடுக்கலாமா?" என்று என்னிடம் கேட்டார். கொடுக்கலாம் என்றேன். கொடுக்கவில்லை அவர்.

இங்கே உட்காருபவர்கள் எல்லோரும் கேட்பதை அவரும் கேட்டார். "உங்களுக்கு எப்படி வந்தது?"

"என் அக்கா ஒரு மாத்திரை குடுத்தா."

"எனக்கு என் தையல்காரம்மா."

பேசாமல் இருந்திருக்கலாம். எந்த ஊர் என்று கேட்டேன். சொன்னார். மஞ்சள் பெட்டியா என்றேன். அதன் பிறகு நான் சொல்ல வேண்டியதே இருக்கவில்லை, அவர் என் மூக்கையே பார்த்தார். அந்த நேரம் பார்த்து நர்ஸ் அவரை உள்ளே கூப்பிட்டார். தாள்களை அடுக்கிக்கொண்டு போனார். திரும்பி வந்தபோது தாழ்வாரத்தில் நாலைந்து நாற்காலி காலியாக இருந்தது. கையில் பஞ்சை அழுத்திக்கொண்டு வந்து என் பக்கத்திலேயே உட்கார்ந்தார்.

"என்கிட்ட நேர்ல சொன்னாங்க. உங்ககிட்ட?"

"கடிதத்துல. நாலு தடவை கேட்ட பிறகு."

"அப்போ என் பாடு கொஞ்சம் மேல்தான்" என்றார்.

சிரித்துவிட்டோம். எங்களுக்குச் சிரிப்பு ஆகாது. இரண்டு பேருக்கும் இரைத்தது. நர்ஸ் வெளியே வந்து, "நீங்க ரத்தமே குடுக்கலை, சிரிச்சு வெச்சா மறுபடி இருபது நிமிஷம்" என்று என்னைத் திட்டினார்.

அவருக்கு ஜூலைக் கடைசியில் எடுத்த ரத்தத்தில் இரண்டு எண்ணும் ஏறியிருந்தன. ஸ்கேனிலும் சந்தேகம். ஆகஸ்டில் குழாய் விட்டுப் பார்த்து உறுதி செய்துவிட்டார்கள். என்னளவுக்கு முற்றவில்லை. மருந்து ஆரம்பித்து ஆறு வாரம், கால் வீக்கம் இறங்கிவிட்டது, ஒரு மாடி நிற்காமல் ஏறுகிறாராம். அதைச் சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. நான் ஏறுவதில்லை என்று அவருக்குத் தெரியும்.

"நீங்க மன்னிச்சுட்டீங்களா?" என்று கேட்டார்.

இல்லை என்றேன்.

"நானும் இல்லை. ஆனா அவங்க அன்னைக்குச் சொல்லலைன்னா நான் இன்னும் ஆஸ்துமா மருந்தை ஊதிட்டு இருப்பேன்." கொஞ்ச நேரம் தாளைப் புரட்டினார். "எட்டு வருஷம்னு சொன்னாங்க பாருங்க. போன மாசம்தான் தெரியும்னு சொல்லியிருந்தா நான் நம்பியிருப்பேன். அதையே நினைச்சுக்கிட்டிருக்கேன்."

எனக்கும் இப்போது உன் மேல் இருப்பது என்னவென்று தெரியவில்லை. கோபம் இருக்கிறது. சந்தேகமும் போகவில்லை. இந்தக் கடிதத்தைப் படித்துவிட்டு நீ அழுவாயா, அல்லது பாதி மார்க் வந்துவிட்டது என்று நினைப்பாயா என்றுகூட எழுதும்போதே யோசிக்கிறேன். உன் ஒவ்வொரு வரியையும் இனி இரண்டு முறை படிப்பேன். அப்படித்தான் ஆகிவிட்டது.

அடுத்த தடவை எங்கள் இருவருக்கும் நவம்பர் நான்காம் தேதி, காலை பத்து மணி. டீச்சருக்குத் தனியாக ஐந்து மணி நேரம் ரயிலில் வருவது கஷ்டமாக இருக்கிறது. பையைத் தூக்க முடிவதில்லை, வண்டி மாறுகிற இடத்தில் மேம்பாலம் வேறு. கூட வர வீட்டில் ஆள் இல்லை. நீ அவரோடு வா. பையை நீ தூக்கு. வழியில் அவர் பேசவில்லை என்றால் நீயும் பேசாதே. பேசினால் குறுக்கே பேசாதே, அவருக்கும் என்னைப் போல ஐந்தாறு வார்த்தைதான்.

அவர் சம்மதித்துவிட்டார். கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன்.

தங்கை